மாசுல மாட்டின ஊருக்கு டெக்னிக்கல் உதவி பண்றது எப்படி: மீட்டர தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி படிங்க

தண்ணி ஒரு மாதிரி இருக்கு, ராத்திரியானா காத்துல நெடி அடிக்குது, பசங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு ஒரு ஊரே சொல்லும். ஆனா அவங்க கையில ஒரு நம்பர் கூட இருக்காது. எதிர்ல இருக்கற கம்பெனிகிட்டயோ துறைகிட்டயோ லேப் இருக்கு, கன்சல்டண்ட் இருக்கு, வக்கீல் இருக்கு, முந்நூறு பக்க ரிப்போர்ட் இருக்கு. இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற பள்ளத்த கொஞ்சமாவது மூடற வேலைதான் டெக்னிக்கல் உதவி. இஞ்சினியர், கெமிஸ்ட்ரி படிச்சவங்க, டாக்டர், நர்ஸ், மேப் போடத் தெரிஞ்சவங்க, எக்செல் நல்லா வர்றவங்க, யாரு வேணா பண்ணலாம், ஆனா எப்படி பண்றதுன்னு ஒரு முறை இருக்கு, அத விட்டுட்டு இறங்கினா ஊருக்கு உபகாரத்த விட உபத்திரவம்தான் ஜாஸ்தி.

குப்பைமேடு, சாம்பல் குட்டை, லாரி ரோடு, கெமிக்கல் பிளாண்ட் எல்லாம் ஏன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆளுங்க வீட்டுப் பக்கத்துலயே வந்து உக்காருதுன்றதுக்கு பெரிய ஆராய்ச்சி வேணாம், நிலம் மலிவு, எதிர்த்துக் கேட்டா காதுல போட்டுக்க ஆளில்ல. அமெரிக்காவுல வட கரோலினாவோட வாரன் கவுண்டியில 1982ல பிசிபின்ற நச்சு கெமிக்கல் கலந்த மண்ண கொண்டு வந்து கொட்ட இடம் புடிச்சாங்க, அங்க இருந்தவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள், லாரிய மறிச்சு ரோட்டுல படுத்தாங்க, 500 பேருக்கு மேல கைதானாங்க, அப்பறமும் அந்த மண்ணு அங்கயேதான் கொட்டப்பட்டுச்சு. இத ஏன் சொல்றேன்னா நீங்க போற ஊர்ல பிரச்சனை ஒரு கெமிக்கலோட நிக்காது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியா லிமிட்டுக்குள்ள இருக்கேன்னு சர்டிஃபிகேட் காட்டும், அஞ்சு ஆலை புகையையும் சேத்து இழுக்கற நுரையீரல் ஒண்ணுதான். உங்க வேலைய பிளான் பண்ணும்போது இது மண்டையில இருக்கணும்.

கேள்வி என்னன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

முக்கால்வாசி வாலண்டியர்கள் பண்ற மொத காரியம் ஆன்லைன்ல ஒரு சென்சார் ஆர்டர் போடறது. வேணாம். மொதல்ல ஊர் ஆளுங்களோட உக்காந்து ஒரே ஒரு விஷயத்த பேசி முடிங்க: எந்த நம்பர் யார் கையில போனா யார் என்ன பண்ணியாகணும்? குழாய மாத்தணுமா, லைசென்ஸ் புதுப்பிக்கறத நிறுத்தணுமா, நஷ்ட ஈடா, மெடிக்கல் கேம்ப்பா, இல்ல இன்னிக்கு ராத்திரி பிள்ளைக்கு எந்த தண்ணிய குடுக்கறதுன்னு தெரியணுமா? இந்த ஒவ்வொண்ணுக்கும் எடுக்க வேண்டிய சாம்பிள் வேற, எண்ணிக்கை வேற, செலவு வேற. கோர்ட்ல நிக்கற மாதிரி டேட்டா வேணும்னா அங்கீகாரம் இருக்கற லேப், யார் கையிலேர்ந்து யார் கைக்கு பாட்டில் போச்சுன்ற கையெழுத்துப் பேப்பர், எல்லாம் வேணும். வீட்ல குடிக்கலாமா வேணாமான்னு தெரியணும்னா ஒரு ஃபீல்டு கிட் போதும்.

இந்த பேச்ச சங்கத் தலைவர் ஒருத்தரோட மட்டும் முடிச்சுடாதீங்க ப்ளீஸ். தண்ணி புடிக்கறது யாரு, பகல் பூரா வீட்ல இருக்கறது யாரு, அந்த ஆலைக்குள்ளயே வேலைக்குப் போறது யாரு, இவங்க மூணு பேரையும் தனித்தனியா கேளுங்க. ஆலைத் தொழிலாளிங்க மீட்டிங்ல வாயத் திறக்க மாட்டாங்க, வேலை போயிடும்னு பயம், ஆனா எந்த வால்வு எப்ப திறக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க பேர எங்கயும் எழுதாதீங்க, உங்க சொந்த நோட்டுல கூட.

அதே நாள்லயே இன்னொண்ணும் பேசி எழுதிக்கணும், டேட்டா யாருதுன்னு. என் பதில் ஊரோடது, அவ்ளோதான். வீடு வாரியா ரிசல்ட்ட மேப்ல போட்டு நீங்க பாட்டுக்கு வெளியிட்டா அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வராது, விக்கவும் முடியாது, பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல பேர் வைப்பாங்க. எது பொதுவுல போகலாம், எது வீட்டுக்காரங்களோட நிக்கணும்னு அவங்க சொல்லட்டும். உங்க காலேஜ் பேப்பர், உங்க புரமோஷன் எல்லாம் அப்பறம்.

காசு செலவில்லாம கிடைக்கறத எல்லாம் சேத்துடுங்க

ஏற்கனவே எங்கயோ ஒரு ஃபைல்ல நிறைய நம்பர் தூங்கிட்டு இருக்கும். ஆலைக்கு குடுத்த அனுமதியும் அதோட நிபந்தனைகளும், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், புகைபோக்கியில வச்ச தானியங்கி மானிட்டரோட டேட்டா, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, குடிநீர் துறை எடுத்த டெஸ்ட், ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர். தகவல் உரிமைச் சட்டம் இருக்கற நாடுன்னா எழுதிக் கேளுங்க, இந்தியால 2005 சட்டப்படி பொதுவா 30 நாள்ல பதில் வரணும். கேக்கும்போது "மாசு பத்தின எல்லா தகவலும்"னு கேட்டா ஒண்ணும் வராது, எந்த ஆலை, எந்த மாசம் முதல் எந்த மாசம் வரைக்கும், எந்த ஆவணம்னு குறிப்பா கேளுங்க.

பழைய மேப்பயும் விடாதீங்க. 1978ல நியூயார்க் மாநிலத்துல லவ் கெனால்னு ஒரு இடம், கெமிக்கல் கழிவ புதைச்ச கால்வாய் மேல ஸ்கூல், சுத்தி வீடு. லாயிஸ் கிப்ஸ்ன்ற ஒரு அம்மா மத்த பெண்களோட சேந்து வீடு வீடா கேட்டு யாருக்கு என்ன நோய்னு குறிச்சாங்க, பெவர்லி பெய்கன்ற விஞ்ஞானி அத வாங்கிப் பாத்தாங்க. குழிக்கு எவ்ளோ பக்கம்னு மட்டும் பாத்தா ஒழுங்கா பொருந்தல, ஆனா முன்னாடி ஓடி அப்பறம் மண்ணு போட்டு மூடின ஓடைத் தடத்த மேப்ல வரைஞ்சதும் நோய் அந்த தடத்தோட போறது தெரிஞ்சுது. அந்த தடம் எங்க இருந்துச்சுன்னு சொன்னது அங்கயே ரொம்ப நாளா இருந்த ஆளுங்கதான், அத புள்ளிவிவரமா மாத்தினது பெய்கன். ரெண்டுல எது இல்லாட்டியும் விஷயம் வெளிய வந்திருக்காது. டெக்னிக்கல் உதவின்னா இந்த மாதிரி இருக்கணும்.

நெடி நோட்டு

மூக்கு ஒரு கருவி, ஃப்ரீயா கிடைக்கற கருவி, ஆனா ஒழுங்கா எழுதினாதான் மதிப்பு. தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, என்ன மாதிரி நெடி, எவ்ளோ கடுமை, உடம்புக்கு என்ன பண்ணுச்சு. நெடிய பேர் சொல்ல எல்லாரும் ஒரே வார்த்தைய யூஸ் பண்ற மாதிரி மொதல்லயே பேசி வச்சுக்கங்க: அழுகின முட்டைன்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டைக்கோஸ்னா மெர்காப்டன் வகை, நெயில் பாலிஷ் வாடைன்னா சால்வென்ட் ஏதோ ஒண்ணு. கடலூர் சிப்காட் பக்கத்து ஊர் ஆளுங்க 2004 வாக்குல இப்படித்தான் நெடிய பதிஞ்சு, கூடவே பக்கெட் வச்சு காத்து சாம்பிளும் எடுத்தாங்க.

மூக்க நம்பறதுலயும் ரெண்டு எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்ஃபைடு ரொம்ப கம்மியா இருக்கும்போதே நாறும், ஆனா 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு) பக்கம் போச்சுன்னா மோப்ப நரம்பே மரத்துப் போய் வாடையே தெரியாது, நெடி போயிடுச்சுன்னு நிம்மதியா நிக்கற ஆளு அங்கயே விழுவாரு. அதனால கடுமையா அடிச்ச முட்டை நாத்தம் திடீர்னு நின்னா ஓடுங்க, நோட்டெல்லாம் அப்பறம். இன்னொண்ணு, பென்சீன் மாதிரி சிலது உடம்புக்கு கெடுதல் பண்ற அளவ தாண்டி ரொம்ப மேல போனாத்தான் மூக்குக்கே தெரியும். வாடை இல்லன்னா சுத்தம்னு அர்த்தம் கிடையாது.

காத்து சாம்பிள்

பக்கெட் முறை 1990கள்ல கலிஃபோர்னியா ரிஃபைனரி பக்கத்துல வந்தது. வக்கீல் ஒருத்தர், எட் மாஸ்ரி, கம்பெனிக்காரங்க வச்சிருக்கற விலை ஒசந்த கருவிக்கு பதிலா மலிவா ஒண்ணு வேணும்னு சொல்லி பண்ண வச்சாரு. பிளாஸ்டிக் பக்கெட், உள்ள டெட்லர்ன்ற பிளாஸ்டிக் படலத்துல பண்ண பை, ஒரு சின்ன பம்ப், அவ்ளோதான். பக்கெட்டுக்குள்ள இருக்கற காத்த பம்ப் வெளிய இழுக்கும், பை தானா விரிஞ்சு வெளிக்காத்த உள்ள வாங்கிக்கும். பைய உடனே லேபுக்கு அனுப்பணும், சல்ஃபர் கேஸ்னா 24 மணி நேரத்துக்குள்ள, லேட்டானா பைக்குள்ளயே மாறிடும். லூசியானாவுல நார்க்கோ ஊர்ல டயமண்ட்ன்ற பகுதி மக்கள் இந்த பக்கெட்ட வச்சுத்தான் ஷெல் ஆலை பக்கத்து காத்த காட்டினாங்க, 2002ல கம்பெனி அந்த நாலு தெரு வீட்டையும் வாங்கிக்க ஒத்துக்குச்சு, போராட்டத்த நடத்தின மார்ஜி ரிச்சர்டுக்கு 2004ல கோல்ட்மேன் விருது கிடைச்சுது. பக்கெட் மட்டும் அத சாதிக்கல, பல வருஷப் போராட்டம் அதுக்குப் பின்னால இருந்துச்சு, ஆனா பேச்சுவார்த்தை மேஜையில வைக்க ஒரு நம்பர் இருந்துச்சுல்ல.

பக்கெட் குடுக்கறது சில நிமிஷத்து காத்து, அத வருஷ சராசரி லிமிட்டோட ஒப்பிட்டு "ஐம்பது மடங்கு"ன்னு பேனர் அடிச்சா எதிர்தரப்பு எக்ஸ்பர்ட் ஒரே நிமிஷத்துல உங்கள உக்கார வச்சுடுவாரு. குறுகிய நேர சாம்பிளுக்கு குறுகிய நேர அளவு, ஒரு மணி நேர லிமிட் இருந்தா அது. ரொம்ப நாள் சராசரி வேணும்னா பேசிவ் சாம்பிளர் இருக்கு, நைட்ரஜன் டையாக்சைடுக்கு சின்ன குழாய கம்பத்துல ரெண்டு முதல் நாலு வாரம் கட்டித் தொங்க விட்டு லேபுக்கு அனுப்பினா போதும், கரண்ட் வேணாம், விலையும் கம்மி, அழகான கருவி, ஏன் யாரும் யூஸ் பண்ண மாட்டேங்கறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

பிஎம் 2.5, அதாவது ரொம்ப நுண்ணிய தூசிய அளக்கற சென்சார் பத்தி. அந்த சின்ன சென்சாருங்க தூசிய எடை போடறதில்ல, லேசர் வெளிச்சம் எவ்ளோ சிதறுதுன்னு பாத்து எடைய கணிக்குது. காத்துல ஈரப்பதம் ஜாஸ்தியானா தூசி தண்ணிய உறிஞ்சு பெருசாகும், சென்சார் அதிகமா காட்டும். அதனால ஊர்ல வைக்கறதுக்கு முன்னாடி அரசாங்க மானிட்டர் பக்கத்துல ரெண்டு மூணு வாரம் வச்சு ஒப்பிட்டுப் பாத்து திருத்தக் கணக்கு போட்டுக்கங்க, முடிஞ்சா சீசன் மாறும்போது மறுபடியும். ஒரு சென்சார விட நாலஞ்சு மலிவானத ஆலைக்கு காத்து வர்ற பக்கமும் போற பக்கமும் வைக்கறது எவ்வளவோ மேல், ஏன்னா நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ரெண்டு பக்கத்துக்கும் இருக்கற வித்தியாசம் பொய் சொல்லாது. ஒப்பிட உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது வருஷ சராசரிக்கு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15. இந்தியாவோட சட்ட அளவு வருஷத்துக்கு 40, நாளுக்கு 60. ரெண்டையும் ரிப்போர்ட்ல போடுங்க, எது சட்டம் எது உடம்புன்னு பிரிச்சு எழுதுங்க. அப்பறம் 24 மணி சராசரிய மட்டும் போட்டு விட்டுடாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு திறந்து விடற புகை அந்த சராசரியில காணாம போயிடும், மணி வாரியா கிராஃப் போடுங்க.

தண்ணி

இதுலதான் சாம்பிள் கெட்டுப் போறது ஜாஸ்தி, கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கிருமி பாக்கணும்னா ஸ்டெரைல் பாட்டில், மூடிய உள்பக்கம் விரல் படக்கூடாது, குளோரின் போட்ட தண்ணின்னா பாட்டில்ல சோடியம் தயோசல்ஃபேட் இருக்கணும், இல்லாட்டி போற வழியிலேயே குளோரின் கிருமிய கொன்னுடும், ரிப்போர்ட் சுத்தம்னு வரும். ஐஸ் பொட்டியில வச்சு அன்னிக்கே லேபுக்கு. ஈயம், ஆர்சனிக் மாதிரி உலோகம்னா லேப் குடுக்கற நைட்ரிக் ஆசிட் போட்ட பாட்டில், ஆசிட் இல்லன்னா உலோகம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டு கம்மியா காட்டும். பெட்ரோல், சால்வென்ட் வகைக்கு சின்ன கண்ணாடிக் குப்பி, கழுத்து வரைக்கும் ரொப்பி ஒரு காத்துக் குமிழி கூட இல்லாம மூடணும், குமிழி இருந்தா தேடற பொருள் அதுக்குள்ள பறந்துடும். வீட்ல இருக்கற பழைய தண்ணி பாட்டில்ல புடிச்சு எடுத்துட்டு வர்றத லேப் வாங்கிக்கும், காசும் வாங்கிக்கும், ரிசல்ட்டும் குடுக்கும், அதுக்கு மதிப்பு கிடையாது.

சாம்பிள் புடிக்கற விதம் ரிசல்ட்ட எப்படி புரட்டும்னு ஃப்ளின்ட் கதைய பாருங்க. மிச்சிகன்ல அந்த நகரம் 2014 ஏப்ரல்ல காசு மிச்சம் புடிக்க தண்ணிய ஃப்ளின்ட் ஆத்துக்கு மாத்துச்சு, குழாய் அரிக்காம இருக்கப் போடற மருந்த போடல, பழைய குழாய்ல இருந்த ஈயம் கரைஞ்சு வந்துச்சு. அதிகாரிங்க ஜனங்கள்ட்ட சொன்னது, மொத நாள் ராத்திரி குழாய கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டு காலைல புடிங்கன்னு. அப்படி பண்ணா குழாய்ல தங்கின ஈயம் முன்னாடியே அடிச்சுட்டுப் போயிடும். அதோட நிக்கல, எடுத்த 71 சாம்பிள்ல ரெண்ட கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க, அதுல ஒண்ணு லீஆன் வால்டர்ஸ்ன்ற அம்மா வீட்டு தண்ணி, எடுத்ததும் நகரத்தோட கணக்கு 11 பிபிபிக்கு (பிபிபின்னா நூறு கோடியில ஒரு பங்கு) இறங்கி 15 பிபிபின்ற வரம்புக்குள்ள உக்காந்துச்சு. வால்டர்ஸ் விடல, வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸோட சேந்து 2015ல ஜனங்களே சாம்பிள் புடிச்சாங்க, 300 கிட் அனுப்பினதுல 250க்கு மேல திரும்பி வந்துச்சு. ஒவ்வொரு வீட்லயும் மூணு பாட்டில்: ராத்திரி பூரா யூஸ் பண்ணாத குழாய்ல மொத தண்ணி, 45 செகண்ட் ஓட விட்டப்பறம் ஒண்ணு, 2 நிமிஷம் ஓட விட்டப்பறம் ஒண்ணு. மூணையும் சேத்துப் பாத்தா ஈயம் வீட்டு பைப்புலேர்ந்து வருதா ரோட்டு பைப்புலேர்ந்து வருதான்னு கூட ஓரளவு சொல்லலாம். அதே சமயம் மோனா ஹன்னா அட்டிஷான்ற குழந்தை டாக்டர் தன் ஆஸ்பத்திரில இருந்த ரத்தப் பரிசோதனை ரெக்கார்ட எடுத்து தண்ணி மாறறதுக்கு முன்ன பின்ன ஒப்பிட்டுப் பாத்தாங்க, பசங்க ரத்தத்துல ஈயம் ஏறியிருந்துச்சு. அக்டோபர்ல பழைய தண்ணிக்கே திரும்பினாங்க. கவனிச்சீங்களா, அந்த டாக்டர் புதுசா ஒரு டெஸ்ட்டும் எடுக்கல, இருந்த ரெக்கார்ட சரியான கேள்வியோட திறந்தாங்க.

ஆக, சாம்பிள் புடிக்கற வீட்டுக்காரங்களுக்கு ஒரு பக்கத்துல படம் போட்டு எழுதிக் குடுங்க, மொத ஆளு பண்ணும்போது கூட நில்லுங்க. பத்து பாட்டிலுக்கு ஒண்ணாவது டூப்ளிகேட் அனுப்புங்க, அதே தண்ணி, லேபுக்கு வேற நம்பர். இன்னொரு பாட்டில்ல சுத்த தண்ணிய ஊத்தி அதையும் சாம்பிள் மாதிரியே ஊர் சுத்த வச்சு அனுப்புங்க, அதுல ஏதாவது வந்தா தப்பு உங்க பாட்டில்லயோ லேப்லயோ. இந்த ரெண்டு பாட்டில் காசுல மிச்சம் புடிக்கணும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, மத்த எல்லா பாட்டிலுக்கும் இதுதான் சாட்சி.

லேப் ரிப்போர்ட்ட படிக்கறது

மொதல்ல யூனிட். மில்லிகிராமா மைக்ரோகிராமான்னு பாருங்க, ஆயிரம் மடங்கு வித்தியாசம், 0.05 மில்லிகிராம்னா 50 மைக்ரோகிராம். அடுத்து பிடிஎல்னு போட்டிருந்தா சந்தோஷப்படாதீங்க. லேபால கண்டுபிடிக்க முடிஞ்ச அளவுக்கு கீழன்னுதான் அதுக்கு அர்த்தம், அந்த அளவு எவ்ளோன்னு கேளுங்க. குடிநீர்ல ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், லேபோட கருவி 20க்கு கீழ பாக்கவே பாக்காதுன்னா அந்த பிடிஎல் ஒண்ணுமே சொல்லல. சாம்பிள் அனுப்பறதுக்கு முன்னாடியே இத கேட்டுடுங்க, காசு மிச்சம்.

அப்பறம் எந்த அளவோட ஒப்பிட்டிருக்காங்க? குடிக்கற கிணத்து தண்ணிய ஆலைக் கழிவு வெளியேத்தற லிமிட்டோட ஒப்பிட்டு "வரம்புக்குள் உள்ளது"ன்னு எழுதற ரிப்போர்ட் எல்லாம் உண்டு, சிரிக்காதீங்க. வடிகட்டிட்டு பாத்தாங்களா அப்படியே பாத்தாங்களா, மொத்த குரோமியமா ஆறு வேலன்ஸ் குரோமியமா, சாம்பிள் எடுத்த அன்னிக்கு மழையா, ஆலை ஓடிச்சா ஷட்டவுனா, இதெல்லாம் பக்கத்துலயே எழுதி வைங்க.

நோய் கணக்கு

எல்லா ஊர்லயும் கேக்கற மொத விஷயம் "எங்க தெருவுல கேன்சர் ஜாஸ்தி, நிரூபிச்சுக் குடுங்க". மனசு கஷ்டமா இருக்கும், ஆனா நேரா சொல்லிடணும், சின்ன ஊர்ல இத நிரூபிக்கறது கிட்டத்தட்ட முடியாத காரியம். வருஷத்துக்கு லட்சத்துல 100 பேருக்கு வர்ற நோய்னு வச்சுக்கங்க, 500 பேர் இருக்கற இடத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு எதிர்பாக்கலாம். அங்க ரெண்டு வருஷத்துல மூணு வந்தா மூணு மடங்கு, ஆனா தற்செயலா கூட அப்படி வரும்னு சொல்லி புள்ளிவிவரக்காரங்க ஒதுக்கிடுவாங்க. மேல கேன்சர்ன்றது ஒரே நோய் கிடையாது, பல வகை, தொடங்கினதுக்கும் தெரியறதுக்கும் நடுவுல பத்து இருபது வருஷம் போயிருக்கும், அதுக்குள்ள பாதி பேர் வீடு மாறியிருப்பாங்க. ஆராய்ச்சி பண்ணி "தொடர்பு நிரூபணமாகவில்லை"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்துச்சுன்னா அத எதிர்தரப்பு ஃபிரேம் போட்டு மாட்டும். நிரூபணமாகலன்னா பாதிப்பில்லன்னு அர்த்தம் இல்ல, ஆள் எண்ணிக்கை பத்தலன்னு அர்த்தம், ஆனா ஹெட்லைன்ல அது வராது.

அதுக்கு பதிலா சீக்கிரமா மாறறத அளங்க. பசங்க ரத்தத்துல ஈயம், மூச்சு வாங்கின நாட்களோட டைரி, ஸ்கூல் லீவு, இன்ஹேலர் எவ்ளோ தீருது, நெடி அடிச்ச நாளும் ஆஸ்பத்திரிக்கு ஓடின நாளும் ஒத்துப் போகுதா. சீதோஷ்ணம், வருமானம் எல்லாம் ஒத்து வர்ற, ஆனா ஆலை இல்லாத இன்னொரு இடத்துலயும் அதே கேள்விகள கேட்டாத்தான் ஒப்பிட முடியும். ரத்தம் எடுக்கறதுன்னா டாக்டரும் நெறிமுறைக் குழு அனுமதியும் இல்லாம தொடாதீங்க. விரல்ல குத்தி எடுக்கற ஈய டெஸ்ட் தோல்ல இருக்கற தூசியாலயே ஜாஸ்தி காட்டும், அதிகமா வந்தா நரம்புல எடுத்து உறுதி பண்ணணும். அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2021லேர்ந்து வச்சிருக்கற அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம், அதுக்கு மேலன்னா ஈயம் எங்கேர்ந்து வருதுன்னு தேடணும். உடம்புலேர்ந்து ஈயத்த இழுக்கற மருந்து பொதுவா 45 தாண்டினாத்தான், நடுவுல இருக்கறவங்கள யாராவது மருந்து விக்கறேன்னு சொல்லி ஏமாத்த விடாதீங்க. ரிசல்ட் மொதல்ல போக வேண்டியது அந்த அம்மா அப்பா கைக்கு, பிரஸ் மீட்டுக்கு இல்ல.

ரிசல்ட் வர்றதுக்குள்ள குடிக்கறது, மூச்சு விடறது

கேஸ் முடிய வருஷக் கணக்காகும், அது வரைக்கும் ஜனங்க தண்ணி குடிச்சுதான் ஆகணும். இத சொல்லாம சாம்பிள் மட்டும் எடுத்துட்டுப் போறத நான் உதவின்னு ஒத்துக்க மாட்டேன். கொதிக்க வைக்கறது கிருமிக்கு மட்டும்தான், ஈயம், ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் எதுவும் கொதிச்சா போகாது, தண்ணி வத்தி இன்னும் கெட்டியாகும், நைட்ரேட் இருக்கற தண்ணிய கொதிக்க வச்சு கைக்குழந்தைக்கு பவுடர் பால் கரைச்சா ரொம்ப ஆபத்து. யுவி ஃபில்டரும் கிருமிக்கு மட்டும். சாதா கார்பன் ஃபில்டர் ஆர்சனிக்கையும் நைட்ரேட்டையும் ஃப்ளோரைடையும் நிறுத்தாது, ஆர்ஓ பெரும்பாலும் நிறுத்தும், ஆனா அது வெளியேத்தற தண்ணி எங்க போகுதுன்னு யோசிங்க. காத்துக்கு என்95 மாஸ்க் தூசிய தடுக்கும், கேஸ தடுக்காது, இத தெளிவா சொல்லுங்க, மாஸ்க் போட்டுட்டோம்னு தைரியமா நிக்கக் கூடாது.

மாத்து வழி இல்லாம எச்சரிக்கை மட்டும் குடுத்தா என்ன ஆகும்னு பங்களாதேஷ்ல பாத்தாச்சு. சுமார் 50 லட்சம் குழாய்க் கிணத்த கிட் வச்சு டெஸ்ட் பண்ணி ஆர்சனிக் 50 மைக்ரோகிராமுக்கு மேலன்னா சிவப்பு பெயின்ட், கீழன்னா பச்சை பெயின்ட் அடிச்சாங்க. நல்ல ஐடியா, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும், பக்கத்துல பச்சைக் கிணறு இருந்தவங்க நிறைய பேர் மாறிக்கிட்டாங்க. பக்கத்துல எல்லாமே சிவப்பா இருந்த ஊர்ல? பெயின்ட் அழிஞ்சுது, ஜனங்க அதே தண்ணிய குடிச்சாங்க. அதனால சிவப்பு அடிக்கறதுக்கு முன்னாடி பச்சை எங்க இருக்குன்னு தேடி வைங்க.

காசும் சட்டமும்

ஊர் தன் சொந்த எக்ஸ்பர்ட்ட வச்சுக்க அரசாங்கமே காசு குடுக்கற ஏற்பாடு சில இடத்துல இருக்கு, அமெரிக்காவுல சூப்பர்ஃபண்ட் சட்டத்த 1986ல திருத்தினப்ப ஆபத்தான கழிவு இடங்களுக்குப் பக்கத்துல இருக்கற குழுக்களுக்கு டெக்னிக்கல் உதவி மானியம்னு கொண்டு வந்தாங்க, அரசாங்க ரிப்போர்ட்ட படிச்சு விளக்கிச் சொல்ல தனி ஆள வச்சுக்கலாம். உங்க நாட்டுல இது இல்லன்னா பல்கலைக்கழக லேப், மருத்துவக் கல்லூரி சமூக மருத்துவத் துறை, இந்த ரெண்டு கதவ தட்டுங்க. ஆலைகிட்ட காசு வாங்கி டெஸ்ட் பண்ணாதீங்க, வாங்கித்தான் ஆகணும்னா லேப ஊர் தேர்ந்தெடுக்கணும், ரிசல்ட் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போகணும்னு எழுதி வாங்கிக்கங்க.

வக்கீல ஆரம்பத்துலயே பாத்துடுங்க, கெடு தாண்டிட்டா எவ்ளோ நல்ல டேட்டாவும் வேஸ்ட். இந்தியாவோட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல பொதுவான சுற்றுச்சூழல் புகாருக்கு காரணம் எழுந்ததுலேர்ந்து 6 மாசம், நிவாரணம், நஷ்ட ஈடு கேக்க 5 வருஷம், ரெண்டுக்கும் மேல 60 நாள் வரைக்கும் சலுகை உண்டு.

ஒப்படைச்சுட்டு கிளம்பறது

ரிப்போர்ட்ட ரெண்டு பக்கத்துல ஊர் மொழியில எழுதுங்க, மேப்பு ஒண்ணு, கிராஃப் ஒண்ணு, என்ன தெரியும், என்ன தெரியாது, யார்கிட்ட என்ன கேக்கறோம். பிரஸ்ஸுக்கு போறதுக்கு முன்னாடி ஊர் கூட்டத்துல படிச்சுக் காட்டி, புரியலன்னு சொல்ற இடத்த எல்லாம் திருத்துங்க. மூல டேட்டா, லேப் பேப்பர், கையெழுத்து போட்ட பாட்டில் லிஸ்ட், போட்டோ எல்லாத்தையும் ரெண்டு காப்பி போட்டு ஊர்ல ரெண்டு வேற வீட்ல வைங்க, உங்க லேப்டாப்ல மட்டும் இருக்கறது ஊர் டேட்டா ஆகாது. உள்ளூர்ல ரெண்டு மூணு பேராவது, முடிஞ்சா ஸ்கூல் முடிச்ச பொண்ணுங்க, நீங்க இல்லாம சாம்பிள் புடிச்சு லேபுக்கு அனுப்பி ரிசல்ட் படிக்கற அளவுக்கு வர்ற வரைக்கும் கூடவே இருங்க. குழாய் மாத்திட்டோம், புகைபோக்கிக்கு ஃபில்டர் போட்டுட்டோம்னு அறிவிப்பு வந்தா அதே இடத்துல, அதே மாதிரி, அதே சீசன்ல அவங்களே மறுபடியும் எடுக்கட்டும், ரிசல்ட்ட பழைய கிராஃப் மேலயே போட்டுப் பாக்கட்டும்.